அழிப்பதன் உஷ்ணம்

யோசிப்பதற்குச் செலவாகும், மறப்பதற்கு ஒன்றும் ஆகாது என்பது நாம் எல்லோரும் உள்ளூர வைத்திருக்கும் நம்பிக்கை. ஞாபகத்தை உழைப்பாகவும், மறதியை அந்த உழைப்பு ஓய்ந்துபோன நிலையாகவுமே பேசி வருகிறோம். படித்தது அவன் செய்த காரியம். மறந்தது தானாக நடந்த விஷயம். நம் நீதியுணர்வும் இந்த இலக்கணத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. செய்ததற்குப் பொறுப்புக் கேட்கிறோம். 'மறந்துபோயிற்று' என்று ஒருவன் சொல்லிவிட்டால், மேற்கொண்டு அவனிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறோம். இந்த நம்பிக்கையைப் பௌதிகம் ஆதரிக்கவில்லை என்பதே இதை எழுத எனக்கு முகாந்திரம்.

1961ல் ரால்ஃப் லாண்டவர் என்பவர் தாம் வேலை பார்த்த ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். கணக்குப் போடும் எந்திரம் குறைந்தபட்சம் எவ்வளவு சக்தியைச் செலவழித்தாக வேண்டும் என்பது அவருடைய கேள்வி. எவ்வளவு சாமர்த்தியமாக எந்திரத்தைச் செய்தாலும் இயற்கை விட்டுக்கொடுக்காமல் வசூலித்துக்கொள்ளும் கடைசிக் காசு எது? வான் நாய்மன் 1949ல் ஆற்றிய ஒரு விரிவுரையில், ஒவ்வோர் அடிப்படைக் கணிப்புக்கும் அப்படி ஒரு கட்டணம் உண்டு என்று கருதியிருந்தார். லாண்டவர் அதைத் திருத்தினார். கணிப்பது என்ற பொதுக் காரியத்துக்குக் கட்டணம் இல்லை. தகவல் அழிக்கப்படும் இடத்தில்தான் கட்டணம்.

இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நான்கு. நான்கை மட்டும் கையில் கொடுத்து, எதை எதோடு கூட்டினாய் என்று கேட்டால் சொல்ல முடியாது. மூன்றும் ஒன்றுமாக இருந்திருக்கலாம். விடைக்குள் அது வந்த வழி இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தர்க்க வாயில்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. இரண்டு பிட் உள்ளே போகும், ஒன்று வெளியே வரும். வெளியே வந்ததை வைத்துக்கொண்டு உள்ளே போனது என்ன என்று எல்லாச் சமயமும் சொல்ல முடியாது. அப்படியானால் சொல்ல முடியாமல் போன அந்தப் பகுதி எங்கே? இல்லாமல் போயிற்று என்று சொல்லப் பௌதிகத்துக்கு உரிமை இல்லை. அதன் அடிப்படை விதிகளில் எதுவும் அப்படி இல்லாமல் போவதில்லை. அது சுற்றுப்புறத்துக்குள் வெப்பமாகப் போய்விட்டது என்றார் லாண்டவர். ஒரு பிட்டை, அது பூஜ்யமா ஒன்றா என்று பார்க்காமல் பூஜ்யத்துக்குத் தள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு குறைந்தபட்ச உஷ்ணம் வெளியேறியாக வேண்டும். அறை வெப்பத்தில் அது எவ்வளவு? ஒரு ஜூலை நூறு கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி நூறு கோடியால் வகுத்து, அதையும் ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பதைப்போல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

இவ்வளவு அற்பமான தொகையை எவனாவது பொருட்படுத்துவானா என்று தோன்றலாம். 2012ல் பிரான்சின் லியோன் நகரத்துப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அகலமுள்ள கண்ணாடி மணி. தண்ணீரில் மிதக்கும் அதை லேசர் ஒளியாலான இரண்டு பள்ளங்களில் ஒன்றில் நிறுத்திவைக்கலாம். இடப்பள்ளம் பூஜ்யம், வலப்பள்ளம் ஒன்று. நடுவில் உள்ள மேட்டைத் தணித்து, ஒரு பக்கமாக மெல்லச் சாய்த்து, மணி எங்கே இருந்திருந்தாலும் ஒரே பள்ளத்துக்கு வரும்படி செய்தால் ஒரு பிட் அழிந்தது. அவசரமாக அழித்தால் அதிக உஷ்ணம். நிதானமாக அழித்தால் உஷ்ணம் குறைந்துகொண்டே வந்தது. லாண்டவர் சொன்ன தொகையை நெருங்கி அங்கே நின்றுவிட்டது. அதற்குக் கீழே போகவில்லை. எனக்கு இந்தப் பரிசோதனையின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. மறதியின் எடையை ஒருவர் தராசில் வைத்துப் பார்த்ததுபோல் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. என்ட்ரோபி, சார்பியல், நிச்சயமின்மை என்று பௌதிகத்திடம் கடன் வாங்கி, வட்டி கட்டாமலே காலம் தள்ளும் வழக்கம் விமர்சகர்களாகிய நமக்கு உண்டு. கவிதைத் தொகுதி ஒன்று சோர்வாக இருந்தால் அதில் என்ட்ரோபி மிகுந்துவிட்டது என்று எழுதி நிம்மதியடைகிறோம். கண்ணாடி மணி மறப்பதில்லை. அதற்கு மனசாட்சியும் இல்லை. தவிர, விஷயம் பௌதிகத்துக்குள்ளேயே முழுக்கத் தீர்ந்துவிடவும் இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துத் தத்துவவாதி ஜான் நார்ட்டன், இக்கோட்பாட்டுக்குத் தரப்படும் நிரூபணங்கள் தாங்கள் நிரூபிக்கவேண்டியதையே முன்கூட்டிக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகின்றன என்று வாதிட்டிருக்கிறார். லாண்டவர் 1927ல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து 1938ல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர் என்பது உண்மை. அந்த வருஷத்து ஜெர்மனியை விட்டு வந்த ஒரு சிறுவன், எதுவும் சும்மா அழிந்துபோவதில்லை என்று பிற்காலத்தில் எழுதினான் என்று கதை கட்டினால் அழகாகத்தான் இருக்கும். நான் அதைக் கட்டப்போவதில்லை. உவமையாக இல்லாமல், கோட்பாடு தன்னளவில் ஒழுக்கச் சிந்தனைக்கு எதைத் தருகிறது என்று மட்டும் பார்க்க விரும்புகிறேன்.

அதற்கு முதலில் மாக்ஸ்வெல்லின் பூதத்தைப் பார்க்க வேண்டும். 1867ல் மாக்ஸ்வெல் தம் நண்பர் டெய்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் அது தலைகாட்டுகிறது. பூதம் என்ற பெயர் பிற்பாடு கெல்வின் வைத்தது. ஒரு பெட்டி. நடுவே ஒரு தடுப்பு. தடுப்பில் ஒரு சின்னக் கதவு. கதவருகே உட்கார்ந்திருக்கும் ஒரு பிராணி, வேகமாக வரும் மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவாக வருபவற்றை மறுபக்கமும் அனுப்புகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் போய்விடும். வேலையே செய்யாமல் இந்த வித்தியாசம் உண்டாகிவிட்டது. வெப்பவியலின் இரண்டாம் விதி இதை அனுமதிக்காது. பூதம் என்பதற்குப் பதில் கெல்வின் குமாஸ்தா என்று பெயர் வைத்திருக்கலாம். வருகிறவரைப் பார்ப்பது, தரம் பிரிப்பது, கதவைத் திறந்து மூடுவது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்த உத்தியோகம் நன்றாகவே தெரியும்.

இந்தக் குமாஸ்தா எங்கே தப்புக் கணக்கு எழுதுகிறான் என்று கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1929ல் ஸிலார்ட், அவன் அறிவதற்கும் என்ட்ரோபிக்கும் சம்பந்தம் உண்டு என்றார். 1951ல் பிரில்லுவான், மூலக்கூறைப் பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும், செலவு அந்த வெளிச்சத்தில் இருக்கிறது என்றார். பார்ப்பது செலவு, அறிவு செலவு. நாம் தொடங்கிய பழைய நம்பிக்கைதான் இது. லாண்டவரின் சகா சார்லஸ் பென்னட் 1982ல் எழுதிய கட்டுரையில் விஷயம் திரும்பியது. பார்ப்பதைச் செலவில்லாமல் செய்ய வழி இருக்கிறது. ஆனால் பார்த்ததைக் குமாஸ்தா எங்கோ குறித்துவைக்கிறான். அடுத்த மூலக்கூறு வருகிறது, அடுத்த குறிப்பு. அவனுடைய ஏடு எல்லையற்றதல்ல. ஒரு கட்டத்தில் பழையதைத் துடைத்து, வெற்றுப் பக்கத்தோடு மறுபடி கதவருகே வந்து உட்கார வேண்டியிருக்கிறது. அவன் சம்பாதித்தது அத்தனையும் அந்தத் துடைப்பில் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோட்பாடு ஒழுக்கவியலின் எல்லைக்குள் வந்துவிடுவதாகப் படுகிறது. அறிந்துகொண்டதற்காகப் பூதம் எதுவும் கொடுக்கவில்லை. எதுவுமே அறியாதவன்போல் மறுபடி தொடங்குவதற்காகக் கொடுக்கிறது. கள்ளமற்ற தொடக்கம், புது ஏடு, பழையதை விட்டுவிடுவோம் என்று சொல்லிக் கை நீட்டுவது: இவற்றை நாம் தாராளத்தின் பக்கம் வைத்திருக்கிறோம். கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாத வெளி என்று நினைக்கிறோம். அங்கேதான் ஒரு பெரிய கொடுக்கல் நடக்கிறது, அதுவும் கொடுப்பவன் பையிலிருந்து நேராக இல்லை. வெப்பம் அழிக்கிறவனுக்குள் தங்குவதில்லை. அக்கம்பக்கத்தில் இறங்குகிறது. யாரும் படிக்கமுடியாத வடிவத்தில், யாருடையது என்று அடையாளம் தெரியாதபடி.

குடும்பங்களில் இதைக் கவனித்திருக்கிறேன். பாகப்பிரிவினையில் நடந்த ஒரு அநியாயத்தை அண்ணன் மறந்துவிடுகிறார். மனப்பூர்வமாக, நடிப்பில்லாமல் மறந்துவிடுகிறார். அந்த வீட்டில் பத்து வருஷம் கழித்துப் பிறந்த குழந்தைக்கு, இன்னாரைக் கண்டால் ஏன் அம்மாவின் குரல் மாறுகிறது என்று தெரியாது. தெரியாமலே அது அந்தக் குரலைக் கற்றுக்கொள்கிறது. தகவல் எங்கும் போய்விடவில்லை. படிக்கமுடியாததாகிவிட்டது.

நம் மொழியில் இதற்கு ஒரு சங்கடம் இருக்கிறது. பலகையில் எழுதியதை அழிக்கிறோம், ஊரையும் அழிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே வினை. துடைப்பது நாசமாக்குவதற்குச் சமம் என்று மொழியே நம்மை நம்பவைக்கிறது. என் தொழிலில் இதைவிடப் பெரிய சங்கடம் 'தள்ளுபடி'. விவசாயியின் கடனை அரசாங்கம் ரத்துச் செய்தாலும் பத்திரிகையில் தள்ளுபடி. வராத கடன் ஒன்றை வங்கி தன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து நீக்கினாலும் தள்ளுபடி. முதலாவதில் கடன்காரர் கடன்காரராக இருப்பது முடிகிறது. இரண்டாவதில் அவர் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் கடன்காரராகவே இருக்கிறார். அவருடைய பெயர் வேறொரு பதிவேட்டுக்குப் போகிறது, வசூல் முயற்சி தொடர்கிறது. ஒன்று அழித்தல், மற்றது இடமாற்றம். இரண்டுக்கும் ஒரே சொல் வாய்த்த சமூகத்தில் எவருடைய நஷ்டம் யார் தலையில் இறங்கியது என்று விசாரிப்பது கஷ்டம். தலையங்கம் எழுதுகிறவர்கள் இந்தக் குழப்பத்தில் சௌகரியமாக வாழ்கிறார்கள்.

கடனும் மறதியும் சந்தித்த ஒரு வழக்கு ஐரோப்பாவில் நடந்தது. 1998ல் ஸ்பெயினின் பார்ஸிலோனாப் பத்திரிகை ஒன்றில் ஒரு ஏல அறிவிப்பு வந்தது. சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்தவேண்டிய பாக்கிக்காக ஒருவருடைய சொத்து ஏலத்துக்கு வந்திருந்தது. பிரச்சினை தீர்ந்து பல வருஷங்கள் ஆன பிறகும், கூகுளில் அவர் பெயரைத் தேடினால் அந்த அறிவிப்பே வந்தது. 2010ல் அவர் புகார் கொடுத்தார். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், அவர் பெயரைத் தேடும்போது அந்த இணைப்பைக் காட்டக்கூடாது என்றது. பத்திரிகையின் பக்கமோ அப்படியே இருந்தது. ஏடு அழியவில்லை, ஏட்டுக்குப் போகும் வழி ஒன்று அடைபட்டது. அதற்கு 'மறக்கப்படும் உரிமை' என்று பெயர் நிலைத்தது. மறக்கப்படுவதற்காக வழக்குப் போட்ட அந்த மனிதரின் பெயரைச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்று உலகெங்கும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நான் அதை இங்கே எழுதாமல் விடுகிறேன். அதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை என்றாலும்.

அழிக்காமலே காரியம் செய்ய முடியாதா? லாண்டவர் முடியாது என்றுதான் முதலில் நினைத்தார். எந்திரம் எதையும் தூக்கியெறியாமல், வந்த வழியை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டே போகலாம். ஆனால் அந்தக் குப்பையை என்றைக்காவது அழித்தாக வேண்டுமே, செலவு தள்ளிப்போகிறதே தவிரத் தீரவில்லையே என்பது அவருடைய எண்ணம். இதற்கு 1973லேயே பென்னட் ஒரு பதில் கண்டுபிடித்திருந்தார். பூதத்தின் புதிர் அவிழ்ந்தது பிற்பாடு, இந்தப் பதிலின் தொடர்ச்சியாக. எந்திரம் விடை வரும்வரை ஒவ்வோர் அடியையும் எழுதிக்கொண்டே போகட்டும். விடை வந்ததும் அதை மட்டும் ஒரு தனித் தாளில் பிரதி எடுத்துக்கொள்ளட்டும். பிறகு வந்த வழியே, கடைசி அடியிலிருந்து முதல் அடிவரை, செய்த ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செய்துகொண்டு திரும்பி நடக்கட்டும். திரும்பி வந்து சேரும்போது குறிப்பேடு வெறுமையாக இருக்கும். ஒரு வரியையும் யாரும் துடைக்கவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் எழுதப்படுவதற்கு முந்தைய நிலைக்கு நடத்திச் செல்லப்பட்டுவிட்டது.

முதன்முறை இதைப் படித்தபோது பௌதிகம் படிக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. ஒன்றை அழிப்பதற்கும் ஒன்றை இல்லையென்று ஆக்கித் திரும்பி நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இத்தனை ஸ்தூலமாக எந்த நீதிநூலும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டிலும் முடிவில் ஏடு வெறுமைதான். ஒருவனை மிதித்துவிட்டு நடந்ததை விட்டுவிடுவோம் என்பவனும், தான் செய்ததை ஒவ்வொன்றாக, செய்த அதே வரிசைக்கு எதிர் வரிசையில், செய்ய ஆன அதே நேரத்தைச் செலவழித்துத் திருப்புகிறவனும் கடைசியில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியலாம். வெளியே இறங்கிய உஷ்ணத்தில்தான் வித்தியாசம்.

வங்கியில் ஏட்டை அழிக்கக்கூடாது. தப்பாக ஒரு தொகை ஒரு கணக்கில் விழுந்துவிட்டால் அதைச் சுரண்டுவதற்கு யாருக்கும் அதிகாரம் கிடையாது. எதிர்ப்பதிவு போடுகிறோம், ரிவர்ஸல் என்பார்கள். காகித லெட்ஜர் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் விதி மாறவில்லை. பாஸ்புத்தகத்தில் இரண்டு வரியும் நிற்கும், வந்த தொகை ஒன்று, போன தொகை ஒன்று. மீதி பழையபடி ஆகிவிடும், ஏடு பழையபடி ஆகாது. ஆக இது அழித்தலும் அல்ல, பென்னட்டின் திரும்பி நடத்தலும் அல்ல, மூன்றாவது ஒன்று. மனிதர்களுக்கு வாய்த்தது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். திரும்பி நடப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்திரத்திலிருந்து ஒரு துளித் தகவலும் வெளியே கசிந்திருக்கக் கூடாது. கசிந்துவிட்டால் அதையும் சேர்த்துத் திருப்ப வேண்டும், அது காற்றில் எந்த மூலக்கூறின் ஆட்டமாக இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? 1876லேயே லோஷ்மிட், எல்லா மூலக்கூறுகளின் வேகத்தையும் திருப்பிவிட்டால் உலகம் பின்னோக்கி ஓடுமே என்று போல்ட்ஸ்மனை மடக்கினார். ஓடும்தான். எல்லாவற்றையும் திருப்ப வேண்டும், ஒன்று விடாமல். சொன்ன சொல் ஒன்று அடுத்தவன் காதில் விழுந்த மறுகணம் எத்தனை இடங்களுக்குப் போய்விடுகிறது என்று நமக்குத் தெரியும்.

மீள்கணிப்பு எந்திரங்கள் வெறும் காகிதச் சிந்தனையாக நின்றுவிடவில்லை. டொமாஸோ டாஃபோலியும் எட்வர்ட் ஃப்ரெட்கினும் 1982ல், உராய்வே இல்லாத பில்லியர்ட்ஸ் பந்துகள் ஒன்றோடொன்று மோதியே எந்தக் கணக்கையும் போடலாம் என்று காட்டினார்கள். 1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இவ்வகைச் சிப்புகளைச் செய்தும் பார்த்தார்கள். குவாண்டம் கம்ப்யூட்டரில் கடைசியாக அளந்து பார்க்கும்வரை ஒவ்வோர் அடியும் திருப்பக்கூடியதாக இருப்பது கட்டாயம். நடைமுறை வேறு விதமாக இருக்கிறது. 2024ல் உலகின் தகவல் மையங்கள் எரித்த மின்சாரம் ஏறக்குறைய 415 டெராவாட்-மணி, உலக மின் நுகர்வில் சுமார் ஒன்றரை சதவீதம் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. அதில் லாண்டவரின் பங்கு மிகச் சொற்பம். இன்றைய சிப்புகள் அவர் சொன்ன எல்லையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம் வீணடிக்கின்றன. வீணடிப்பதற்குக் காரணம் அவசரம். திரும்பக்கூடியபடி நடக்க வேண்டுமானால் மெதுவாக நடக்க வேண்டும். அந்த மெதுவை யாரும் விலைக்கு வாங்கத் தயாராயில்லை.

ஆனால் எதையும் இழக்காத எந்திரத்தை லட்சியமாக வைத்துக்கொள்ளவும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பென்னட்டே இதற்குக் காரணம் தருகிறார். வெப்ப இழப்பை முற்றிலும் பூஜ்யமாக்கினால், மூலக்கூறு அளவிலான எந்திரம் முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி என்று தள்ளாடும். கணக்கின் எந்தப் பக்கம் தொடக்கம், எந்தப் பக்கம் முடிவு என்று அதற்குத் தெரியாது. முன்னோக்கிப் போக ஒரு சிறிய உந்துதல் வேண்டும், உந்துதல் என்றால் கொஞ்சம் உஷ்ணம். திசைக்கும் விலை இருக்கிறது. போர்ஹேஸ் 1942ல் எழுதிய கதையில் வரும் ஃப்யூனஸ், குதிரையிலிருந்து விழுந்த பிறகு எதையும் மறக்க முடியாமல் போனவன். அவனால் சிந்திக்க முடிந்திருக்காது என்று கதைசொல்லி சந்தேகப்படுகிறான். எனக்கு அந்தச் சந்தேகம் நியாயமாகவே படுகிறது. நாய் என்று ஒரு சொல் இருக்க வேண்டுமானால் எத்தனையோ நாய்களை விட்டுவிட வேண்டும். நன்றியை மறக்காதே, நன்றல்லாததை அன்றைக்கே மற என்று வள்ளுவர் மறதியை இரண்டாகப் பிரித்தபோது, 'அன்றைக்கே' என்று கெடு வைத்தது ஏன் என்று யோசித்திருக்கிறேன். மறு நாளைக்குள் அது வேறு எத்தனையோ விஷயங்களோடு பின்னிக்கொண்டுவிடும். அழிக்கவேண்டியது ஒரு பிட்டாக இருக்கும்போதே அழித்துவிடுவது மலிவு. ஆனால் அந்த ஒரு பிட்டின் உஷ்ணம் யார் வீட்டில் இறங்கும் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தீங்கு இழைக்கப்பட்டவனைப் பார்த்துத்தான் அவர் மறக்கச் சொல்கிறார். அவனே மறந்து, அவனே வெந்துகொள்ள வேண்டும் என்று பொருளாகிவிடுமா? தீங்கிழைத்தவனுக்கும் அதே சலுகை உண்டா என்ற கேள்விக்கு உரைகளில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

ஏடுகளுக்கு எங்கள் தொழிலில் ஆயுசு உண்டு. வவுச்சர்கள், பழைய லெட்ஜர்கள் எல்லாம் விதித்த காலம்வரை ஆவண அறையில் இருக்கும். அதற்குப் பிறகு பட்டியல் எடுத்து, அதிகாரி ஒப்புதல் வாங்கி அழித்துவிடலாம். அழித்தே ஆகவேண்டும் என்றும் சொல்லலாம், இடம் போதாது. அழித்தவற்றுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. இன்ன புத்தகம், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, அழித்த நாள், யார் முன்னிலையில், யார் கையெழுத்து. நான் பார்த்த ஒன்றில் மிகப் பழைய பக்கங்களில் மை பழுப்பாகியிருந்தது. அதில் குறித்திருந்த லெட்ஜர்களில் யார் கணக்கு இருந்தது, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. அந்தப் பதிவேட்டை மட்டும் அழிப்பதற்கு விதி கிடையாது.